கொசு ஒழிப்பில் கனிமப் பொருள்கள்: கொல்கத்தா தரும் பாடம்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் கொல்கத்தாவின் தெருவோரங்களில் வெண்ணிறக் கோடுகள் தோன்றுவதைக் காணலாம். சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் சாக்கடை ஓரங்களிலும் குப்பைத் தொட்டிகளைச் சுற்றியும் தூவப்படுகின்றன. சென்னை, மதுரை போன்ற நம் நகரங்களிலும் இக்காட்சி புதிதன்று. நகராட்சி விழிப்புடன் இருக்கிறது என்ற ஆறுதலை இவ்வெண்பொடி மக்களுக்கு அளிக்கிறது. ஆனால், அது எத்தனை கொசுக்களைக் கொல்கிறது என்ற கேள்வியைக் கேட்போர் மிகச் சிலரே.

இக்கேள்வி இன்று முக்கியத்துவம் பெறுவதற்குக் காரணம் உண்டு. இரசாயனப் பூச்சிகொல்லிகளின் மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கை குறைந்து வருகிறது. அவற்றுக்கு மாற்றாக எண்ணெய், சுண்ணாம்பு, உப்பு, மண், மணல் முதலிய கனிமப் பொருள்களைக் கொண்டு கொசுவைக் கட்டுப்படுத்தலாம் என்ற கருத்து பரவலாகப் பேசப்படுகிறது. "இயற்கையில் கிடைப்பது, ஆகவே தீங்கற்றது, மலிவானது, ஆகவே ஏழை நாட்டுக்கு ஏற்றது" என்பதே இக்கருத்தின் சாரம். இதில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதைக் கொல்கத்தாவின் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட அனுபவத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று கொசுக்கள், மூன்று வகை நீர்

மலேரியாவின் வரலாற்றில் கொல்கத்தாவுக்குத் தனியிடம் உண்டு. 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்ட ரொனால்டு ராஸ், 1898ஆம் ஆண்டு கல்கத்தாவில் தம் ஆய்வை நிறைவு செய்தார். பறவைகளைத் தாக்கும் மலேரியா கொசுக்கடியின் மூலமே பரவுகிறது என்பதை அவ்வாண்டு ஜூலைத் திங்களில் அவர் மெய்ப்பித்தார். 1902ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நோய்க்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பு ஐயமற நிறுவப்பட்ட நகரிலேயே அந்நோய் இன்னமும் முற்றிலும் ஒழியவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

கொசு என்று நாம் பொதுப்படச் சொன்னாலும், கொல்கத்தாவில் முக்கியமாக மூன்று வகைக் கொசுக்கள் உள்ளன. முதலாவது, நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி. இது கிணறு, மேல்நிலைத் தொட்டி, பழைய வீடுகளின் செங்கல் தொட்டி, கட்டடப் பணியிடங்களில் தேங்கும் நீர் ஆகிய தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. இரண்டாவது, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி. பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், உடைந்த பாண்டம், மூடப்படாத வாளி போன்றவற்றில் நிற்கும் சிறிதளவு நீரே இதற்குப் போதுமானது. 1963-64ஆம் ஆண்டுகளில் கல்கத்தாவில் இரத்தக் கசிவுடன் கூடிய டெங்குக் காய்ச்சல் பரவியது, நம் நாட்டில் அந்நோயின் முதல் பெரும் தாக்குதலாகும். மூன்றாவது, யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ். இது சாக்கடை, கால்வாய், மலக்குழி ஆகியவற்றின் அழுக்கு நீரில் பெருகுகிறது.

இம்மூன்றும் வாழும் நீர் வேறு வேறாக இருப்பதால், ஒன்றுக்குப் பயன்படும் பொருள் மற்றொன்றுக்குப் பயன்படாமற் போகலாம். எந்தப் பொருள், எந்த நீரில், எந்தக் கொசுவுக்கு எதிராக என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை காணாமல் செய்யப்படும் செலவு வீண் செலவே.

பூச்சிகொல்லியின் எல்லை

நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுதோறும் சுமார் 7.5 கோடி மக்கள் மலேரியாவுக்கு ஆளாயினர் என்றும், சுமார் 8 லட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953ஆம் ஆண்டு தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958ஆம் ஆண்டு மலேரியா ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பட்டன. வீட்டுச் சுவர்களில் டி.டி.ட்டி. தெளிக்கப்பட்டதன் பயனாக, 1965ஆம் ஆண்டில் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 1 லட்சமாகக் குறைந்தது. ஆனால், இவ்வெற்றி நிலைக்கவில்லை. 1976ஆம் ஆண்டில் எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பணிகளில் ஏற்பட்ட தொய்வும் நிதிப் பற்றாக்குறையும் இதற்குக் காரணங்கள். கொசுக்கள் பூச்சிகொல்லியைத் தாங்கும் ஆற்றலைப் பெற்றுவிட்டதும் ஒரு காரணம்.

நகரங்களின் நிலை வேறு. சுவருக்கு மருந்து தெளிக்கும் முறை கிராமங்களுக்கென வகுக்கப்பட்டது. நகரங்களில் கொசுவைப் புழுப் பருவத்திலேயே அழிப்பதே முறை எனக் கொண்டு, 1971ஆம் ஆண்டு நகர்ப்புற மலேரியாத் திட்டம் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தில் இடம்பெற்ற பொருள்களுள் இரண்டு கனிமத்திலிருந்து பிறந்தவை: ஒன்று கொசுப்புழு எண்ணெய், மற்றொன்று பாரிஸ் பச்சை. இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் காண்போம்.

மண்ணெண்ணெயும் பானிஹாட்டியும்

மண்ணெண்ணெய் என்ற பெயரே அதன் பிறப்பிடத்தைச் சொல்லிவிடுகிறது. நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் இவ்வெண்ணெயை நீரின்மீது ஊற்றினால் அது மெல்லிய படலமாகப் பரவுகிறது. கொசுப்புழு நீரில் வாழ்ந்தாலும் காற்றையே சுவாசிக்கிறது. அதற்காக நீர்ப்பரப்புக்கு வந்து சுவாசத் துளையைத் திறக்கும்போது எண்ணெய் உட்புகுந்து அதனைக் கொல்கிறது. அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர் ஹோவர்டு 1892ஆம் ஆண்டிலேயே இதனைச் சோதித்துக் காட்டினார். பனாமாக் கால்வாய் வெட்டப்பட்ட காலத்தில் தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றுவது முக்கியப் பணிகளுள் ஒன்றாயிற்று.

வங்காளத்தில் இம்முறையை மக்களே கையிலெடுத்த வரலாறு ஒன்று உண்டு. முதல் உலகப் போர் முடிவுறும் காலத்தில், கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள பானிஹாட்டியில், டாக்டர் கோபால் சந்திர சட்டர்ஜியின் முயற்சியால் மலேரியா எதிர்ப்புக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தோன்றியது. ராஸின் ஆய்வில் துணைபுரிந்த கிஷோரி மோகன் பந்தோபாத்யாயும் பானிஹாட்டியைச் சேர்ந்தவரே. உறுப்பினர்கள் சந்தா செலுத்தினர், அப்பணத்தைக் கொண்டு குட்டைகளில் மண்ணெண்ணெய் தெளித்தனர், புதர்களை வெட்டினர், பள்ளங்களைத் தூர்த்தனர், கொய்னா வழங்கினர். இத்தகைய சங்கங்கள் வங்காளக் கிராமங்களில் பல நூறாகப் பெருகின. இரவீந்திரநாத் தாகூரும் இவ்வியக்கத்தின் கூட்டங்களில் உரையாற்றி ஆதரவு நல்கினார்.

இச்சங்கங்களின் சிறப்பு அவை பயன்படுத்திய எண்ணெயைவிட அவற்றின் அமைப்பில்தான் இருந்தது எனலாம். ஒரு வீட்டுக்காரர் தம் குட்டைக்கு மட்டும் எண்ணெய் ஊற்றினால், அடுத்த வீட்டுக் குட்டையிலிருந்து வரும் கொசு அவரைக் கடிக்காமல் விடாது. பயன் அனைவருக்கும் பொதுவாகவும் செலவு தனித்தனியாகவும் இருக்கும்போது, எவரும் செலவிட முன்வருவதில்லை. இப்பொருளாதார உண்மைக்குக் கூட்டுறவு விடை தந்தது.

பின்னாளில் எண்ணெய் நிறுவனங்கள் இதற்கெனவே கொசுப்புழு எண்ணெயைத் தயாரித்தன. நீர்ப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 20 மில்லி லிட்டர் வீதம் வாரம் ஒருமுறை தெளிக்க வேண்டும் என்பது விதி. வெப்பமான காலத்தில் முட்டை ஒன்று கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்களே ஆவதால், ஒரு வாரம் தவறினாலும் முந்தைய உழைப்பு வீணாகும்.

இதன் செலவை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 5 மீட்டர் அகலமும் 2 கிலோ மீட்டர் நீளமும் உடைய ஒரு கால்வாயின் பரப்பு 10,000 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர். இதற்கு வாரந்தோறும் 200 லிட்டர் எண்ணெய் தேவை. ஆண்டு முழுவதற்கும் 10,400 லிட்டர். அடுத்த ஆண்டும் இதே அளவு தேவை. கச்சா எண்ணெய்த் தேவையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் நம் நாடு, தேங்கிய சாக்கடையின்மீது எண்ணெய் ஊற்றுவதை நிரந்தர வழியாகக் கொள்ள இயலாது. மேலும், காற்று வீசும் இடத்திலும் ஆகாயத்தாமரை படர்ந்த நீரிலும் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடுகிறது. குடிநீரிலும் மீன் வளர்க்கும் நீரிலும் அதனை ஊற்றவே கூடாது.

கொல்கத்தாவைப் பொறுத்தவரை இக்கடைசிக் கட்டுப்பாடு மிகப் பெரியது. நகரின் கழிவுநீர் கிழக்கு எல்லையில் உள்ள சதுப்பு நிலங்களை அடைந்து, அங்குள்ள மீன் பண்ணைகளுக்கு உணவாகிறது. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இப்பகுதி 2002ஆம் ஆண்டு ராம்சார் உடன்படிக்கையின்கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது. சாக்கடையில் இன்று கலப்பது நாளை மீன் வழியே உணவுத் தட்டுக்கு வந்து சேரக்கூடும் என்பதை இந்நகரின் நிர்வாகம் மறக்க முடியாது.

பாரிஸ் பச்சை: கனிமமும் நஞ்சாகும்

பாரிஸ் பச்சை என்பது செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த ஒரு பச்சை நிறப் பொடி. முதலில் வண்ணப்பூச்சுக்குப் பயன்பட்டது. 1921ஆம் ஆண்டு அமெரிக்காவில் இது கொசுப்புழுவுக்கு எதிராகச் சோதிக்கப்பட்டது. நூறு பங்கு தெருப்புழுதிக்கு ஒரு பங்கு பொடி எனக் கலந்து தூவினாலே போதும் என்பதால் செலவு மிகக் குறைவு. அனாபிலிஸ் புழு நீரின் மேற்பரப்பில் மிதப்பனவற்றை உண்பது. எனவே மிதக்கும் பொடியை விழுங்கி மடிகிறது. நீருக்குள் தலைகீழாகத் தொங்கி உண்ணும் கியூலெக்ஸ் புழுவுக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசில் நாட்டுக்குள் நுழைந்து பெரும் மலேரியாவை விளைவித்த அனாபிலிஸ் காம்பியே என்னும் கொசுவை 1940ஆம் ஆண்டளவில் அந்நாடு முற்றிலும் ஒழித்தது. அப்பணியில் முதன்மைக் கருவியாக விளங்கியது பாரிஸ் பச்சையே.

இத்தகைய பொருளை ஏன் கைவிட்டோம்? அதில் உள்ள ஆர்சனிக், நாம் பாஷாணம் என்று அழைக்கும் கொடிய நஞ்சு. அது சிதைந்து மறைவதில்லை. இட்ட இடத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். மேற்கு வங்க மக்களுக்கு ஆர்சனிக்கைப் பற்றி எடுத்துரைக்கத் தேவையில்லை. 1983ஆம் ஆண்டு கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த தோல் நோய் மருத்துவர் டாக்டர் கே. சி. சாகா, கிராம மக்களின் தோலில் கண்ட புள்ளிகளுக்குக் காரணம் குழாய்க் கிணற்று நீரில் உள்ள ஆர்சனிக் என்பதை வெளிப்படுத்தினார். அந்த ஆர்சனிக் நிலத்தடிப் படிவுகளிலிருந்து இயற்கையாகக் கரைந்து வந்தது. கொசு ஒழிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. எனினும், "கனிமம் இயற்கையானது, ஆகவே தீங்கற்றது" என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

வெண்பொடியின் பயன் என்ன?

இனி, தெருவோர வெண்பொடிக்கு வருவோம். பிளீச்சிங் பவுடரிலிருந்து வெளிப்படும் குளோரின் நுண்கிருமிகளைக் கொல்வது. குடிநீரைத் தூய்மை செய்வதிலும், வயிற்றுப்போக்கு நோய்களைத் தடுப்பதிலும் அதன் பயன் மறுக்க முடியாதது. சுண்ணாம்பு நாற்றத்தைக் குறைக்கிறது; சுவரையும் தரையையும் தூய்மையாக்குகிறது. ஆனால், இவ்விரண்டும் தெருவோரத்தில் தூவப்படும் முறையில் கொசுவைக் கட்டுப்படுத்தும் என எதிர்பார்ப்பதற்கு ஆதாரம் இல்லை.

காரணம் எளிது. உலர்ந்த தரையில் கொசுப்புழு இல்லை; அங்கு விழும் பொடி எதையும் கொல்வதில்லை. சாக்கடையில் விழும் பொடியின் குளோரின், அங்குள்ள அழுக்குடன் வினைபுரிந்து விரைவில் செலவாகிவிடுகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மையும் நீரோட்டத்தில் கரைந்து குறைகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பெரும்பாலும் சாக்கடையில் வளர்வதே இல்லை. அது வீட்டின் உள்ளேயும் மாடியிலும் சுற்றுச்சுவருக்குள்ளும் உள்ள தெளிந்த நீரில் வளர்கிறது. டெங்குக் காலத்தில் தெருச் சாக்கடையில் வெண்பொடி தூவுவது, திருடன் கொல்லையில் இருக்க வாசலில் காவல் நிற்பதற்கு ஒப்பாகும்.

ஆயினும் இப்பழக்கம் ஏன் தொடர்கிறது? பொடி கண்ணுக்குத் தெரிகிறது. வாரத்துக்கு ஒருமுறை மாடிப்படி ஏறித் தொட்டியின் மூடியைச் சரிபார்க்கும் பணியாளரின் உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. பொதுச் செலவில் இது அடிக்கடி காணப்படும் குறை. மக்கள் கேட்பதும் பொடியே. தருவதற்கு எளிதானதும் பொடியே.

உப்பும் பிற பொடிகளும்

நீரில் உப்பைக் கரைத்தால் கொசு வளராது என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. உப்பின் அளவு மிகுந்தால் இது உண்மையே. ஆனால், கொசுக்களும் பழகிக்கொள்கின்றன. கல்கத்தாவை அடுத்த உப்பு ஏரிப் பகுதியில் உவர்நீரில் வளரும் அனாபிலிஸ் சுண்டைக்கஸ் ஒரு காலத்தில் மலேரியாவைப் பரப்பியது. அண்மைக்கால உதாரணம் யாழ்ப்பாணத்திலிருந்து கிடைக்கிறது. ரஞ்சன் ராமசாமி, நோபல் சுரேந்திரன் முதலிய ஆய்வாளர்கள் இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரையோரங்களில் நடத்திய ஆய்வில், நன்னீர்க் கொசு என்று கருதப்பட்ட ஏடிஸ் எஜிப்டி உவர்நீர்க் கிணறுகளிலும் கரையோரக் கலங்களிலும் வளர்வதைக் கண்டறிந்து 2011ஆம் ஆண்டு வெளியிட்டனர். பூச்சிகொல்லிக்கு எதிர்ப்பாற்றல் பெறும் உயிரினம், உப்புக்கும் பழகிக்கொள்ளும் என்பதை இது உணர்த்துகிறது.

டயட்டம் மண் என்பது நுண்ணிய நீர்த்தாவரங்களின் ஓடுகள் படிந்து உருவான சிலிக்காப் பொடி. பூச்சியின் உடலில் உள்ள மெழுகுப் பூச்சை உறிஞ்சி, உடலின் ஈரத்தை இழக்கச் செய்து கொல்வது இதன் இயல்பு. சேமிப்புத் தானியங்களைக் காப்பதில் இதற்குப் பயன் உண்டு. ஆனால், இது உலர்ந்த நிலையில்தான் திறம்படச் செயற்படும். வங்காளத்தின் ஈரக்காற்றில் இதன் வலிமை குன்றிவிடும். மேலும், தானியத்தில் ஊரும் வண்டின்மீது படிவதுபோல், பறக்கும் கொசுவின்மீது பொடி படிவது அரிது. போரிக் அமிலத்தைச் சர்க்கரை நீரில் கலந்து கொசுவுக்கு இரையாக வைக்கும் முறையும் ஆராயப்பட்டுள்ளது. செம்பு அயனிகள் ஏடிஸ் இனப் புழுக்களின் வளர்ச்சியைத் தடுக்கும் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால், செம்பு மீன்களுக்கும் கேடு விளைவிக்கும். இவை சிறப்பான சூழல்களில் துணை செய்யலாமேயன்றி, ஒரு மாநகரின் கொசுவைக் கட்டுப்படுத்தும் முதன்மைக் கருவிகளாக இன்றைய நிலையில் கொள்ளத்தக்கவை அல்ல.

தடையாகும் கனிமம்

இதுவரை கண்ட பொருள்கள் எல்லாம் கொசுவைக் கொல்வதற்காக நீரில் இடப்படுபவை. இவற்றினும் பழமையான, மலிவான கனிமங்கள் நம் காலடியிலேயே உள்ளன. மண்ணும் மணலும் கல்லும் சிமெண்டுமே அவை. இவை கொசுவைக் கொல்வதில்லை; கொசுவுக்கு நீர் கிடைக்காமல் செய்கின்றன. இங்குதான் கனிமத்தின் உண்மையான பயன் தொடங்குகிறது.

சார்லஸ் பென்ட்லி என்னும் சுகாதார அறிஞர் பம்பாய் நகரின் மலேரியாவை ஆராய்ந்து 1911ஆம் ஆண்டு அறிக்கை அளித்தார். வீட்டுக் கிணறுகளே ஸ்டீபன்சிக் கொசுவின் பிறப்பிடம் எனக் கண்ட அவர், அவற்றை மூடவோ தூர்க்கவோ வேண்டும் என வற்புறுத்தினார். கொசு புகாதவாறு தொட்டிகளை மூடும் பழக்கம் அந்நகரில் வேரூன்றியது. பின்னர் வங்காளத்தின் சுகாதாரத் துறைத் தலைவராகப் பணியாற்றிய பென்ட்லி, 1925ஆம் ஆண்டு மலேரியாவுக்கும் வேளாண்மைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நூல் ஒன்று எழுதினார். இரயில்பாதைக் கரைகளும் சாலைகளும் ஆற்று வெள்ளத்தைத் தடுத்தமையால், வண்டல் கலந்த நீர் வயல்களில் பாய்வது நின்றது; வளம் குன்றியது; ஓட்டமிழந்த தெளிந்த நீரில் மலேரியாக் கொசு பெருகியது என்பது அவருடைய வாதம். கலங்கிய வண்டல் நீரை மீண்டும் பாய்ச்சினால் விளைச்சலும் பெருகும், மலேரியாவும் குறையும் என்றார் அவர். வண்டலும் ஒரு கனிமமே. பயிருக்கு உரமாகவும் மக்களுக்குக் காப்பாகவும் அது ஒருசேர அமைந்தது என்ற கருத்து, வளர்ச்சிப் பணிகளைத் திட்டமிடுவோர் இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. அணையும் சாலையும் போடும்போது நீர் செல்லும் வழியை அடைத்துவிட்டு, பின்னர் தேங்கிய நீருக்கு மருந்து தெளிப்பது இருமுறை செலவு செய்வதாகும்.

தமிழ்நாட்டிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். திருக்கோவிலூர் வட்டாரக் கிராமங்களில் மதுரையின் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மைய அறிஞர்கள் யானைக்கால் நோய்த் தடுப்பு முறைகளை ஒப்பிட்டனர். சில கிராமங்களில் மக்களுக்கு மருந்து மட்டும் வழங்கப்பட்டது. வேறு சில கிராமங்களில் மருந்துடன், கழிவுநீர் உறிஞ்சு குழிகளின் மேல் பாலிஸ்டைரீன் மணிகள் மிதக்கவிடப்பட்டன. எண்ணெயிலிருந்து பிறக்கும் இம்மணிகளில் நஞ்சு ஏதும் இல்லை. அடர்த்தியாக மிதந்து நீரை மூடுவதால் கொசு முட்டையிட முடிவதில்லை. இருக்கும் புழுவுக்கும் மூச்சு விட வழியில்லை. மருந்தால் கிடைத்த பயன், கொசுக் கட்டுப்பாடும் சேர்ந்த கிராமங்களில் நீடித்து நின்றது என 2007ஆம் ஆண்டு வெளியான முடிவுகள் காட்டின. எனினும், நாற்புறமும் அடைபட்ட குழிக்கே இம்முறை பொருந்தும். மழை வெள்ளம் தெருவில் நிற்கும் கொல்கத்தாவில் மணிகள் அடித்துச் செல்லப்பட்டு, ஆற்றையும் கால்வாயையும் மாசுபடுத்தும்.

தூர்ப்பதற்கும் எல்லை உண்டு

மண்ணிட்டு நிரப்புவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. 100 சதுர மீட்டர் பரப்பும் சராசரி 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள ஒரு பள்ளத்தை நிரப்ப 30 கன மீட்டர் மண் போதும். அச்செலவு ஒரே முறையுடன் முடிந்துவிடும். எண்ணெய் தெளித்தால் 20 வாரங்கள் கொண்ட மழைக்காலத்துக்கு 40 லிட்டர் வீதம் ஆண்டுதோறும் செலவிட வேண்டும். ஆகவே, பள்ளத்தைத் தூர்ப்பது சிக்கனமே.

ஆனால், இதே வாதத்தைக் காட்டிக் குளங்களைத் தூர்ப்பது பெருந்தவறு. மீன்கள் வாழும், கரை சுத்தமான குளத்தில் கொசுப்புழு பெருகுவதில்லை. மீன்களே அவற்றை உண்டுவிடுகின்றன. குளம் மறைந்தால் மழைநீர் வடிய இடமின்றித் தெருவில் தேங்கும். கொசு உற்பத்தி குறைவதற்கு மாறாகப் பெருகும். நிலத்தின் விலை உயர்ந்துவரும் மாநகரில், கொசுவின் பெயரால் நீர்நிலைகள் மனையாக மாறும் ஆபத்து உண்டு. நீர்நிலைகளைத் தூர்ப்பதைத் தடுக்க மேற்கு வங்க உள்நாட்டு மீன்வளச் சட்டம் 1993ஆம் ஆண்டு திருத்தப்பட்டது இங்குக் குறிப்பிடத்தக்கது. பள்ளத்துக்கும் குளத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து செயற்படுவதே அறிவுடைமை.

செலவைத் திட்டமிடும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து நகராட்சிகள் கொள்ளத்தக்க முடிவுகள் சில உண்டு.

முதலாவதாக, கொசு ஒழிப்புக்கான செலவை இரு பகுதிகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய், பொடி, மருந்து ஆகியவை ஆண்டுதோறும் வரும் நடப்புச் செலவு. மூடி, குழாய், வடிகால், சிமெண்டுத் தளம், மண் நிரப்புதல் ஆகியவை மூலதனச் செலவு. முதல் ஆண்டில் இரண்டாவது வகை பெரிதாகத் தோன்றும். பத்தாண்டுக் கணக்கில் அதுவே சிக்கனமாக அமையும். ஓராண்டு வரவு செலவுத் திட்டத்தை மட்டும் நோக்கும் நிர்வாகத்துக்கு இவ்வுண்மை புலப்படுவதில்லை.

இரண்டாவதாக, குடிநீர் வழங்கலையும் கொசு ஒழிப்பையும் தனித்தனித் துறைகளின் பணியாகக் கருதக்கூடாது. குழாயில் நாள்தோறும் சில மணி நேரமே நீர் வரும் தெருவில், மக்கள் தொட்டியிலும் வாளியிலும் நீரைச் சேர்த்து வைக்கவே செய்வர். நீர் வழங்கல் சீரானால் சேமிப்புக் கலங்கள் குறையும். ஏடிஸ் கொசுவின் வாழிடமும் குறையும்.

மூன்றாவதாக, பயன்படுத்தும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும்: அது சென்றடையும் நீரில் புழு இருக்கிறதா, பயன்படுத்திய பின் குறைந்திருக்கிறதா? ஒரு கரண்டியால் நீரை முகந்து புழுவை எண்ணிப் பார்க்கும் எளிய சோதனையே போதும். தூவிய பொடியின் மூட்டைகளை எண்ணுவதைவிட, எஞ்சிய புழுக்களை எண்ணுவதே சரியான அளவுகோல்.

நான்காவதாக, இரசாயன மருந்தை முற்றிலும் விலக்குவது இயலாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நோய் பரவும் வேளையில் விரைந்து செயற்பட மருந்து தேவை. மூட முடியாத நீருக்கு, கொசுப்புழுவை மட்டும் தாக்கும் பாக்டீரியா மருந்தும் மீன்களும் உள்ளன. அடிப்படைப் பணிகள் செம்மையாக நடைபெற்றால் மருந்தின் தேவை குறையும். அதன் வலிமையும் நெடுநாள் நிலைக்கும்.

ஐந்தாவதாக, மக்களின் பங்கு. மாநகராட்சி ஊழியர் ஒவ்வொரு வீட்டின் மாடிக்கும் வாரந்தோறும் ஏறுவது கடினம். பானிஹாட்டியின் கூட்டுறவு முறையை இன்றைய குடியிருப்போர் சங்கங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் மேற்கொள்ளலாம். வாரத்தில் ஒரு நாள் தெருவில் உள்ள அனைவரும் தொட்டிகளை வடித்துத் தேய்த்துக் கழுவுவதற்குச் செலவு ஏதுமில்லை. பூந்தொட்டித் தட்டில் ஒரு பிடி மணல், மரப்பொந்தில் சிறிது மண், விரிசல் விட்ட தொட்டி மூடிக்குச் சிறிது சிமெண்டு ஆகியவையே ஒரு குடும்பத்துக்குத் தேவையான கனிமங்கள்.

முடிவுரை

2030ஆம் ஆண்டுக்குள் மலேரியாவை நாட்டிலிருந்து அகற்றுவது என்பது நாம் ஏற்றுக்கொண்டுள்ள குறிக்கோள். கிராமப்புறங்களில் பெரும் முன்னேற்றம் காணப்பட்டுள்ள போதிலும், நகரங்கள் புதிய கவலையை அளிக்கின்றன. நம் நகரங்களின் கொசுவான ஸ்டீபன்சி 2012ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியிலும், 2016ஆம் ஆண்டு இலங்கையின் மன்னாரிலும் கண்டறியப்பட்டது. நகர்ப்புற மலேரியாவைக் கட்டுப்படுத்தும் முறையை அந்நாடுகளும் இன்று தேடுகின்றன. அவற்றுக்கு எடுத்துக்காட்டாக விளங்கும் வாய்ப்பு நம் நகரங்களுக்கு உண்டு.

கனிமப் பொருள்கள் இரசாயனப் பூச்சிகொல்லிகளுக்கு மாற்றாகுமா என்ற கேள்விக்குக் கொல்கத்தாவின் அனுபவம் தரும் விடை இதுவே: நஞ்சாகப் பயன்படும்போது கனிமமும் இரசாயனத்தின் குறைகளையே கொண்டிருக்கிறது, தடையாகப் பயன்படும்போது அதற்கு நிகர் இல்லை. தெருவோரத்தில் வெண்பொடி தூவும் பணியாளரின் கையில் தொட்டிக்கு ஏற்ற மூடியையும் சிமெண்டுக் கரண்டியையும் கொடுத்து, அவரை வீட்டு மாடிக்கு அனுப்புவது நம் நகராட்சிகள் அடுத்த மழைக்காலத்துக்கு முன் செய்யக்கூடிய பணியாகும்.